மூலப்படம் வீட்டில் இருக்கட்டும்

அண்மைக் காலமாக எமது கிராமங்களில் புகைப்பட அல்பம் என்ற பொருள் அருகி வருகிறது. படம் எடுப்பது குறைந்துவிட்டது என்பதல்ல. ஒரு வீட்டில் கலியாணமோ, சாமத்தியச் சடங்கோ, பிள்ளையின் முதல் நன்மையோ நடந்தால் முன்னெப்போதையும் விட அதிகமாகவே படங்கள் எடுக்கப்படுகின்றன. ஆனால் அவை கடுதாசிக்கு வருவதில்லை. கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டு, அங்கேயே ஒரு செயலியால் மெருகூட்டப்பட்டு, இன்னொரு செயலியின் வழியே குவைத்தில் வேலை செய்யும் தாய்க்கும் ரொறன்ரோவிலுள்ள சித்தப்பாவுக்கும் அனுப்பப்பட்டு, அதன் பின்னர் எங்கோ ஓரிடத்தில் தங்கிவிடுகின்றன. அந்த இடம் எது, அங்கே அவை எவ்வளவு காலம் இருக்கும், அங்கிருப்பது எடுத்த படமா, திருத்திய படமா என்ற கேள்விகளை எமது சங்கங்களிலும் கூட்டங்களிலும் எவரும் எழுப்பியதாக நாம் அறியோம். நுண்கடன் பற்றிப் பேசுகிறோம். உரவிலை பற்றிப் பேசுகிறோம். குளக்கட்டு பற்றிப் பேசுகிறோம். இவற்றோடு ஒப்பிடுகையில் படம் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அது ஆடம்பரமன்று என்பதே எமது கருத்து.

இதனை எமது மக்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களிடம் எவற்றை இழந்தீர்கள் என்று கேட்டால், வீடு, மாடு, நீரிறைக்கும் இயந்திரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் குரல் தாழ்த்தி, 'அல்பமும் போச்சு' என்பார்கள். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து போன கரையோரக் கிராமங்களிலும் இதே கதைதான். இறந்த பிள்ளையின் படம் ஒன்று எவரிடமாவது இருக்குமா என்று உறவினர் வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் அலைந்த பெற்றோர் எத்தனை பேர்! 2011 இல் ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியபோது மியாகி மாகாணத்தின் யமமோட்டோ என்ற சிறு நகரில் சேற்றுக்குள்ளிருந்து ஏழு இலட்சம் அளவிலான படங்கள் மீட்கப்பட்டன. தொண்டர்கள் அவற்றைக் கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்து, உரியவர்களைத் தேடி ஒப்படைத்தார்கள். வீடில்லாத மக்களுக்குப் படம் எதற்கு என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

எமது நாட்டில் படத்துக்கு இன்னொரு கடமையும் வந்து சேர்ந்திருக்கிறது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தபோது, தாய்மார் கையில் பிடித்திருந்தவை படங்களே. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டது. அங்கு செல்பவர்களும், அதற்கு முன்னர் ஆணைக்குழுக்களின் முன் சென்றவர்களும் படத்தைக் கையில் கொண்டே சென்றார்கள். அந்தப் படங்களைச் சற்று உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அவற்றில் பல, படமாக எடுக்கப்பட்ட படங்கள் அல்ல. அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தவை. பாடசாலைக் குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தவை. எவருடைய கலியாண வீட்டிலோ பின்வரிசையில் நின்ற முகம். ஒரு மனிதரின் இருபது முப்பது வருட வாழ்வுக்கு எஞ்சியிருப்பது அந்த ஒரு முகம்தான்.

இப்போது அந்த ஒரு படத்துக்கு என்ன நடக்கிறது என்பதே எமது கவலை. வீட்டிலுள்ள இளைய பிள்ளை ஒன்று, நல்ல மனதோடு, அதனைக் கைத்தொலைபேசியில் பிரதி எடுத்து, 'பழைய படத்தைப் புதிதாக்கும்' செயலி ஒன்றில் போடுகிறது. சில விநாடிகளில் மங்கிய முகம் தெளிவாகிறது. கண் பளிச்சிடுகிறது. கோடு விழுந்த நெற்றி வழவழக்கிறது. தாய் அதனைப் பார்த்து அழுகிறாள். பின்னர் அதுவே பெருப்பித்துச் சட்டம் போடப்பட்டுச் சுவருக்குப் போகிறது. பழைய கடுதாசிப் படம் ஏதோ ஒரு கொப்பிக்குள் மறைந்துபோகிறது.

அந்தச் செயலி செய்தது என்ன? மங்கிய படத்துக்குள் ஒளிந்திருந்த முகத்தை அது தோண்டி எடுக்கவில்லை. அப்படி ஒளிந்திருப்பது எதுவுமில்லை. படத்தில் பதியாத விபரம் பதியாததுதான். செயலி, தனக்குப் பயிற்றுவிக்கப்பட்ட இலட்சக்கணக்கான வேறு முகங்களைக் கொண்டு, 'இந்த இடத்தில் இப்படி ஒரு கண் இருந்திருக்கலாம்' என்று அனுமானித்து வரைகிறது. 2020 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வாறு மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் நிரல் ஒன்றை வெளியிட்டார்கள். ஒருவர் அதில் முன்னாள் ஜனாதிபதி பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைப் போட்டபோது, வெளிவந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். உலகம் முழுவதும் அறிந்த முகம் என்பதால் பிழை உடனே தெரிந்தது. முல்லைத்தீவில் ஒரு கிராமத்துப் பையனின் முகத்தில் அப்படி நடந்தால் அதை யார் கண்டுபிடிப்பது? தாய் கண்டுபிடிப்பாள் என்று சொல்லலாம். ஆனால் பதினைந்து வருடங்களாக அந்த முகத்தை நேரில் காணாத தாயின் நினைவையே அந்தப் புதிய படம் மெல்ல மெல்ல மாற்றிவிடும் என்று நாம் அஞ்சுகிறோம்.

மாற்றிவிட்டால்தான் என்ன, அவளுக்கு ஆறுதல் கிடைக்கட்டுமே என்று எம்மிடம் சிலர் வாதிட்டதுண்டு. ஆறுதலை நாம் குறைத்து மதிக்கவில்லை. மகளின் கலியாணப் படத்தில், காணாமற்போன மகனின் உருவத்தை ஓரத்தில் சேர்த்துத் தரும்படி ஸ்ரூடியோக்காரரிடம் கேட்கும் தாயை நாம் குறை சொல்லத் துணியோம். 2021 இல் மைஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் இறந்தவர்களின் பழைய படங்களில் கண் சிமிட்டவும் தலை திருப்பவும் செய்யும் வசதி ஒன்றைக் கொண்டுவந்தபோது, அழுதவர்களும் உண்டு, அருவருத்தவர்களும் உண்டு. அது அவரவர் மனத்தைப் பொறுத்தது. நாம் சொல்வது அதுவன்று. அடையாளம் காணுதல் என்ற ஒரு கருமம் இன்னும் முடியாமல் கிடக்கிறது. அதற்கு வேண்டியது அழகான படமன்று, உண்மையான படம்.

தடயவியல் பணியில் இருப்பவர்கள், காணாமற்போனவர் சிரித்தபடி இருக்கும் படம் ஏதும் உண்டா என்று கேட்பார்கள். சிரிப்பில் முன்பற்கள் தெரியும்; பல்லின் இடைவெளி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல், உடைந்த முனை என்பன எலும்புக்கூட்டோடு ஒப்பிடக் கூடியவை. காதின் அமைப்பு, புருவத்துத் தழும்பு, கன்னத்து மச்சம் என்பனவும் ஒருவரை இன்னொருவரிலிருந்து பிரித்தறிய உதவுபவை. 2025 ஓகஸ்ட் மாதத்தில் செம்மணி, சித்துப்பாத்தி மயானப் புதைகுழியில் கண்டெடுக்கப்பட்ட உடைகளும் பாடசாலைப் பையும் பொம்மையும் ஏனைய பொருட்களும் நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அத்தகைய நேரத்தில், இந்தச் சட்டையைத்தான் அவன் போட்டிருந்தான் என்று காட்டக்கூடிய ஒரு பழைய படத்தின் பெறுமதி என்ன என்பதை வாசகர்களே எண்ணிப்பார்க்கலாம். இனி, அழகூட்டும் செயலிகள் செய்வதைப் பாருங்கள். தழும்பை நீக்குகின்றன. மச்சத்தைத் துடைக்கின்றன. பல்லை வெண்மையாக்கி வரிசையாக்குகின்றன. சட்டையின் நிறத்தைப் பிரகாசமாக்குகின்றன. ஒருவரை அடையாளம் காட்டுவது எதுவோ, அதுவே முதலில் அழிகிறது.

படத்தைத் திருத்துவது இன்று வந்த பழக்கமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஸ்ரூடியோக்களில் நெகற்றிவின் மேல் கூரிய பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்துச் சுருக்கத்தை மறைப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் தீட்டி, இல்லாத கழுத்துச் சங்கிலியை வரைந்து கொடுத்த கைகாரர்களும் இருந்தார்கள். அதில் ஒரு கைத்தொழிலின் அழகும் இருந்தது. ஆனால் அந்தத் திருத்தம் பார்த்தவுடன் தெரியும். அது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒரு கம்பனி கோடிக்கணக்கான முகங்களுக்கு ஒரே அச்சில் செய்யும் திருத்தமாக அது இருக்கவில்லை.

ஒரே அச்சு என்று நாம் சொன்னதற்குக் காரணமுண்டு. அந்த அச்சின் நிறம் எது என்று பாருங்கள். 2017 இல் பேஸ்அப் என்ற செயலி, முகத்தைக் கவர்ச்சியாக்குவதாகச் சொல்லி ஒரு வசதியை வெளியிட்டது. அதில் கறுத்த முகத்தைப் போட்டால் அது வெளுத்து வந்தது. கண்டனம் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பயிற்றுவிக்கப் பயன்பட்ட படங்களில் இருந்த பக்கச்சார்பே காரணம் என்றது. இது புதிய வியாதியுமல்ல. கொடாக் நிறுவனம் உலகெங்கும் உள்ள ஆய்வுகூடங்களுக்கு வர்ணத்தைச் சரிபார்க்க அனுப்பிய மாதிரிப் படங்களில் பல காலமாக இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படமே. கனடிய ஆய்வாளர் லோர்னா றொத் இதுபற்றி எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு வேடிக்கையான விபரம் உண்டு. கபில நிறங்கள் சரியாகப் பதிவதில்லை என்று அந்த நிறுவனத்துக்கு அழுத்தம் கொடுத்தவர்கள் கறுப்பின மக்கள் அல்ல. மரத்தளபாடக்காரரும் சொக்கிலேற் உற்பத்தியாளரும்தான்! மரத்துக்கும் சொக்கிலேற்றுக்கும் கிடைத்த மரியாதை மனிதத் தோலுக்குக் கிடைக்கவில்லை.

எமது பெண்பிள்ளைகள் இதற்குள்தான் வளர்கிறார்கள். வெளுப்பாக்கும் கிறீம் விற்பனையைப் பற்றி எத்தனையோ கருத்தரங்கு வைத்துவிட்டோம். ஆனால் கிறீம் வாங்கக் காசு வேண்டும். செயலிக்கு ஒரு சதமும் வேண்டாம். பல கைத்தொலைபேசிகளில் கமராவுக்குள்ளேயே அழகூட்டும் வசதி முடுக்கிவிடப்பட்ட நிலையில் வருகிறது. பிள்ளை எதையும் தொடாமலே வெளுத்துப்போகிறாள். தன் உண்மை முகத்தைத் தன் கைத்தொலைபேசியில் ஒருமுறையும் பார்த்திராத பிள்ளை, கண்ணாடியில் பார்க்கும்போது என்ன நினைப்பாள்? மாதர் சங்கக் கூட்டத்தில் அந்த வசதியை எப்படி நிறுத்துவது என்று ஒரு பத்து நிமிடம் காட்டிக்கொடுத்தால், எத்தனையோ சொற்பொழிவுகளை விட அது பயன்தரும்.

அடுத்து, படங்கள் போய்த் தங்கும் இடம். பகிர்ந்துகொள்ளும் அல்பங்கள் எமது சிதறிய குடும்பங்களுக்குச் செய்திருக்கும் நன்மையை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். முன்னர் கடிதத்துள் ஒரு படத்தை மடியாமல் வைத்து அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததா என்று ஒரு மாதம் காத்திருந்த காலம் எமக்கு மறந்துவிடவில்லை. இன்று பிள்ளையின் முதல் பல் முளைத்த செய்தி, வீட்டுவேலைக்குப் போன தாய்க்கு அன்றிரவே போய்ச் சேர்கிறது. இது பெரிய காரியம். ஆனால் அனுப்புவது வேறு, வைத்திருப்பது வேறு. அனுப்புவதற்கு நன்றாக உதவும் இந்த ஏற்பாட்டை, வைத்திருப்பதற்கும் போதும் என்று எமது மக்கள் நம்பியிருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு என்ன நேரும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. கூகுள் போட்டோஸ் 2015 இல் வந்தபோது, சற்றுச் சுருக்கிய படங்களை அளவில்லாமல், இலவசமாகச் சேமித்து வைக்கலாம் என்றது. 2021 ஜூன் 1 ஆம் திகதியோடு அந்த வாக்கு முடிந்தது. அதன் பின்னர் சேர்ப்பவையெல்லாம், மின்னஞ்சலும் சேர்த்து 15 ஜிகாபைட் என்ற எல்லைக்குள் அடங்க வேண்டும், மிஞ்சினால் கட்டணம். பிளிக்கர் என்ற புகழ்பெற்ற தளம் 2018 இல் கைமாறியது. இலவசமாகப் பாவிப்போர் ஆயிரம் படங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று அதே ஆண்டில் அறிவித்தது. போட்டோபக்கெட் 2017 இல், தன்னிடமுள்ள படங்களை வேறு பக்கங்களில் காட்டுவதற்கு வருடத்துக்கு ஏறத்தாழ 400 டொலர் கேட்டது. இவை எல்லாம் சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம். நாம் அவற்றைக் களவு என்று சொல்ல வரவில்லை. வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரனின் மனமாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது மட்டுமே எமது பேச்சு.

டொலர் என்றதும் 2022 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர், சில வாரங்களிலேயே முந்நூற்றைம்பதைத் தாண்டியது. வெளிநாட்டுக் கம்பனிக்கு மாதாமாதம் கட்டணம் செலுத்தித்தான் பிள்ளைகளின் படத்தைக் காப்பாற்றலாம் என்ற நிலை, நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு வேண்டிய வங்கி அட்டையும் பல வீடுகளில் இல்லை.

இலவசம் என்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. அமெரிக்காவில் 'எவர்' என்று ஓர் அல்பச் செயலி இருந்தது. ஆங்கிலத்தில் அதற்கு என்றென்றும் என்ற பொருள் வரும். தமிழில் வாசித்தால் யார் என்ற கேள்வியாகிறது, அதுவே பொருத்தம் போலும். மக்கள் தம் குடும்பப் படங்களை நம்பி ஒப்படைத்தார்கள். அந்தப் படங்களைக் கொண்டே முகங்களை இனங்காணும் தொழில்நுட்பம் ஒன்றை அந்த நிறுவனம் பயிற்றுவித்து, வேறு நிறுவனங்களுக்கு விற்க முற்பட்டது. கணக்கை மூடியவர்களின் படங்களையும் வாக்களித்தபடி அழிக்கவில்லை. செயலி 2020 இல் மூடப்பட்டது. 2021 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, அந்தப் படங்களை மட்டுமன்றி அவற்றிலிருந்து உருவாக்கிய நிரல்களையும் அழிக்க வேண்டும் என்ற இணக்கத்துக்கு நிறுவனத்தைக் கொண்டுவந்தது. அங்கே கேட்க ஓர் ஆணைக்குழு இருந்தது. முகத்தை இனங்காணும் கருவிகள் யாருடைய கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை, சோதனைச்சாவடிகளில் தலையாட்டிகளைக் கண்ட எமது தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை.

இவற்றை விடச் சிறிய, ஆனால் எமது கிராமங்களில் அன்றாடம் நடக்கும் இழப்புகள் வேறு. கைத்தொலைபேசி வாங்கும்போது கடைப்பையனே ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுகிறான். கடவுச்சொல் எவருக்கும் தெரியாது. தொலைபேசி கிணற்றுக்குள் விழுந்தால் அல்பமும் விழுந்தது போலத்தான். அது எங்கோ ஒரு கணினியில் இருக்கும், ஆனால் கதவு திறக்காது. இரண்டு வருடங்கள் பாவிக்கப்படாத கணக்குகளை அழிக்கும் நடைமுறையை 2023 டிசெம்பரிலிருந்து கூகுள் ஆரம்பித்தது. வெளிநாட்டில் இறந்துபோன ஒருவரின் கணக்கை யார் திறந்து உயிரோடு வைத்திருப்பது? இனி, இடம் போதவில்லை என்று தொலைபேசியிலிருந்து படத்தை அழிப்பவர்கள், கூகுள் போட்டோஸ் செயலிக்குள் நின்று அழித்தால் சேமிப்பிலிருந்தும் அது போய்விடும் என்பதை அறியமாட்டார்கள். குப்பைக்கூடையில் 60 நாட்கள் கிடக்கும். அதற்குப் பின் இல்லை. பகிர்ந்த அல்பமும் அப்படித்தான். ரொறன்ரோவிலுள்ளவர் தனது அல்பத்தை நீக்கினால், இங்குள்ளவர் தனியே சேமித்து வைக்காதவரை இங்கும் அது மறைந்துவிடும். கலியாண வீடு முழுவதும் ஒருவர் கணக்கில் இருந்து, அந்தக் குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வந்துவிட்டால் என்னாகும் என்று நாம் சொல்ல வேண்டுமா?

வட்ஸ்அப்பில் வந்த படம் இருக்கிறதே என்பார்கள். அது படத்தின் நிழல். அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்குகிறது. எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்று படத்தோடு பதிந்திருந்த குறிப்பையும் கழற்றிவிடுகிறது. கைத்தொலைபேசித் திரையில் வித்தியாசம் தெரியாது. பெருப்பித்து அச்சிடக் கொடுக்கும்போதுதான், முகம் சதுரம் சதுரமாக உடைவது தெரியும். 2023 இல் சற்றுத் தெளிவாக அனுப்பும் வசதி சேர்க்கப்பட்டது. ஆயினும் எடுத்தபடியே போய்ச்சேர வேண்டுமானால் அதனைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். இதனை ஒருமுறை செய்து காட்டினால் எவரும் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த விடயத்தில் எம்மைப் போன்ற தொண்டு நிறுவனங்கள் நடந்துகொள்ளும் முறை பற்றியும் பேசாமல் விட முடியாது. இன்று களத்துக்குப் போகும் ஒவ்வோர் உத்தியோகத்தரும் ஒரு கமராக்காரர். புத்தகப்பை வாங்கும் பிள்ளை, கோழிக்கூடு பெற்ற விதவை, மலசலகூடத்தின் முன் நிறுத்தப்பட்ட முதியவர் எனப் படங்கள் அன்று மாலைக்குள் பேஸ்புக்கில் ஏறிவிடுகின்றன. கொடுத்தவரின் முகம் சற்று வெளுப்பாக்கப்பட்டிருக்கும். பெற்றவரின் வறுமை சற்று அழுத்திக் காட்டப்பட்டிருக்கும். படத்தோடு கிராமத்தின் பெயரும் இருக்கும். இதற்கு எதிரான விதிகள் இல்லாமலில்லை. மூன்றாம் உலக மக்களின் படங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றி ஐரோப்பிய அரசசார்பற்ற நிறுவனங்கள் 1989 இலேயே ஓர் ஒழுக்கக்கோவையை ஏற்றுக்கொண்டன. 2006 இல் அது புதுப்பிக்கப்பட்டது. எமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டத்துக்கு முன்னரே ஒரு சாதாரண மரியாதை இருக்கிறது. 'அம்மா, இந்தப் படத்தை இன்ன இடத்தில் போடப் போகிறோம், விருப்பமா?' என்று படத்தைக் காட்டிக் கேட்பது. கோழிக்கூடு கொடுத்த கையோடு கேட்டால் அவர் ஓம் என்றுதான் சொல்வார். ஆகவே ஒரு வாரம் கழித்துக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் கோழிக்கூடு பறிபோகாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எடுத்த படத்தில் ஒரு பிரதியை அச்சிட்டு அவருக்கே கொடுத்தால், பல வீடுகளில் அதுவே சுவருக்குப் போகும் ஒரே குடும்பப் படமாக இருக்கும். அறிக்கைகளுக்காக ஆயிரம் படம் எடுக்கும் நாம், எடுக்கப்பட்டவருக்கு ஒன்றைத் தானும் கொடுப்பதில்லை.

என்ன செய்யலாம்? பெரிய திட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. சனசமூக நிலையத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பழைய படங்களைக் கொண்டுவரச் சொல்லி அறிவித்தால் போதும். ஓரளவு நல்ல கைத்தொலைபேசி ஒன்றும், பொறுமையான இரண்டு இளைஞர்களும் இருந்தால் வேலை நடக்கும். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, விறாந்தையின் நிழல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேர் மேலே நின்று எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை இழுக்கக் கூடாது, கண்ணாடியோடேயே எடுக்கலாம். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்ரூடியோ முத்திரையும், தாத்தா எழுதி வைத்த திகதியும் அங்கேதான் இருக்கும். அழகூட்டும் வசதி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். எடுத்த பிரதிக்கு ஒருவரும் மெருகு போடக் கூடாது. மெருகு வேண்டுமானால் அதன் இன்னொரு பிரதிக்குப் போட்டுக்கொள்ளட்டும், அதற்குத் திருத்தியது என்று பெயரும் வைக்கட்டும். அடையாள அட்டைப் படம் போன்ற சிறியவற்றை, வசதியுள்ள இடத்தில் ஸ்கானர் இயந்திரத்தில் போட்டு எடுப்பது நல்லது. காணாமற்போன ஒருவரின் படமானால், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்காமல், அவர் தோன்றும் எல்லாக் குழுப் படங்களையும் தேட வேண்டும்; சிரித்த முகம் பின்வரிசையில் கிடைத்தாலும் கிடைக்கும்.

பிரதிகள் ஒரு மெமரி காட்டிலோ பென் டிரைவிலோ வீட்டில் இருக்க, இன்னொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும். ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகாத தூரம் வேண்டும். மூன்றாவதாகக் கூகுளிலும் இருக்கட்டும், அதற்கு நாம் எதிரியல்ல. ஆனால் கடவுச்சொல் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வருடத்துக்குப் பத்துப் படங்களைத் தெரிந்தெடுத்து அச்சிட்டு வைக்கலாம். பத்து என்று நாம் சொல்வது கணக்குக்காக மட்டுமல்ல. ஆயிரம் படத்துள் எந்தப் பத்து என்று குடும்பத்தோடு இருந்து தெரியும் அந்த மாலைப்பொழுதே பழைய நாளில் அல்பம் புரட்டியதற்கு ஈடாகும். பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்ரிக் மூடும் அல்பங்களைத் தவிர்க்க வேண்டும். அந்தப் பசை காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும். மூலை செருகும் பழைய கறுப்புத்தாள் அல்பம் இப்போது கடைகளில் அரிது. சாதாரண கடித உறைகளே போதும்.

படத்திலிருப்பவர்கள் யார் யார் என்று வீட்டிலுள்ள மூத்தவரைக் கேட்டு இப்போதே எழுதிவிட வேண்டும். எந்தச் செயலிக்கும் அது தெரியாது. அவருக்குப் பின் எவருக்கும் தெரியாது. பின்பக்கத்தில், ஓரமாக, மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதலாம். பேனா மை மறுபக்கத்துக்கு ஊறிவிடும். மினுங்கும் கடுதாசியில் பென்சில் பிடிக்காவிட்டால், ஒரு துண்டில் எழுதி அதே உறைக்குள் வைக்கலாம்: இடமிருந்து வலமாகப் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு.